கீழ்ப் பாதையில் நிற்பவர்

போன புதன்கிழமை மதியம். இலை எடை போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

தெரியாத நம்பர் என்றால் நான் எடுக்க மாட்டேன். எடுத்து என்ன பேசுவது? பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் வாரா வாரம் இத்தனை பேசுகிறவள் நேரில் இவ்வளவுதானா என்று கேட்டவர்கள் உண்டு. இவ்வளவுதான்.

விடாமல் மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"மேடம், நிவேதா பேசறேன். கோயம்புத்தூர். போன சீசன்ல உங்க எஸ்டேட்டுக்கு டீம் ஒர்க் ட்ரெய்னிங் எடுக்க வந்தேனே... ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? மலை ஏறும்போதே தலை சுற்றி, பாதி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்து இறங்கிய பெண். ஆனாலும் அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே வகுப்பு எடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். அந்த ரெண்டு பேரும் இப்பவாவது பேசிக்கறாங்களா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒரு மலை அளவு கிடக்கிறதே... போனில் எனக்கு அது வராது. எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆகவே இந்த வாரப் பத்தி நிவேதாவுக்கு. நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள்.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ரைட்டர். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. இலை எடையையும் ஆள் வருகையையும் எழுதுகிறவர். பழைய வாசகர்களுக்கு இது தெரியும். புதியவர்களுக்காகச் சொன்னேன்.

அன்று கேரம் போர்டையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, எங்கள் ரிக்ரியேஷன் ஹாலில் வகுப்பு. நிவேதா எங்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரே கயிற்றை எல்லோருமாகப் பிடித்து, சதுரமாக நிற்கச் சொன்னார். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் முட்டை வடிவத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஏன் சதுரம் வரவில்லை என்று கேட்டு, அவரே பதிலும் சொன்னார். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. டீம் என்றால் முதல் விதி பேச்சு. மனம்விட்டுப் பேச வேண்டும்.

எல்லோரும் தலையாட்டினோம். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து தலையாட்டினேன். தூண் இல்லாத ஹாலில் நடக்கும் கூட்டத்துக்கு நான் போவதில்லை.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் எஸ்டேட்டிலேயே நல்ல டீம் எது?

அதுவரை சதுரத்துக்கு ஒத்துவராத கூட்டம், ஒரே குரலில் சொன்னது: "சரசு, கமலம்!"

இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார். வந்தார்கள். மேடையின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். நடுவில் நிவேதா. உங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்வீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்.

சரசு மைக்கைப் பார்த்தார். கமலம் கூரையைப் பார்த்தார்.

கூட்டத்தில் இருந்து ரோஸிதான் எழுந்து சொன்னாள். "அவங்க பேசி அஞ்சாறு வருசம் ஆச்சுங்க மேடம்."

சிரிப்பில் ஹால் அதிர்ந்தது. பாவம் நிவேதா... ஆனால் அவர் கோபப்படவில்லை. கையில் வைத்திருந்த பேப்பரை மூடிவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, "அப்புறம் எப்படி?" என்று கேட்டார்.

எனக்கும் அதே கேள்வி ரொம்ப நாளாக உண்டு. எப்படி?

முதலில் அவர்கள் செய்யும் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் பெண்களைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அந்த அளவுக்கு இப்போது ஆள் கிடையாது. பாதிச் சரிவில் மெஷின்தான் வெட்டுகிறது. அதை ஒரு ஆள் பிடிக்க முடியாது. நீளமான கத்தி, இரண்டு பக்கமும் கைப்பிடி. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் செடியின் தலைமேல் கத்தி ஓடும். வெட்டிய இலை பின்னால் தொங்கும் நீளமான பையில் விழும். அந்தப் பையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள் நடக்க வேண்டும். எங்கள் கதையில் அது ரோஸி.

பிடிப்பது சுலபம். சேர்ந்து நடப்பதுதான் கஷ்டம். ஒருவர் அரை அடி முந்தினால் கத்தி கோணும். ஒருவர் கை தாழ்ந்தால் கொழுந்தோடு முற்றின தண்டும் வெட்டுப்பட்டு வரும். தண்டு வந்தால் ஃபேக்டரியில் திட்டு. செடியும் வீண். இதில் எங்களுடையது மலை. வரிசைக்கு ஒரு பக்கப் பாதை மேலே இருக்கும், இன்னொரு பக்கப் பாதை கீழே இருக்கும். மேல் பாதையில் நடப்பவருக்குக் கைப்பிடி இடுப்பு உயரத்தில் வரும். கீழ்ப் பாதையில் நடப்பவருக்குத் தோளுக்கு வரும். நாள் முழுக்கக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து பாருங்கள். சாமி ஊர்வலத்தில் தீவட்டி பிடித்த மாதிரி இருக்கும்.

ஆனால் இதற்கு மலையே ஒரு நியாயம் வைத்திருக்கிறது. வரிசை முடிந்து, அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது மேலே இருந்தவர் தானாகக் கீழே வந்துவிடுவார். கீழே இருந்தவர் மேலே. யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். முறைக்கு முறை.

சரி, ஏன் பேசுவதில்லை?

படல்தான் காரணம். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. சரசுவின் குடும்பம் இலங்கைத் தோட்டத்தில் இருந்து வந்தது. அவர் அந்த வீட்டை 'லயம்' என்பார். கமலம் அன்னூர்ப் பக்கம்; அவர் 'லைன் ஊடு' என்பார். அதில்கூட ஒத்துப்போனதில்லை. வீட்டுக்குப் பின்னால் ஆளுக்குக் கொஞ்சம் காய்கறி போட்டிருந்தார்கள். ஒரே வேலி, அதற்குக் கதவாக மூங்கிலில் ஒரே படல். ஒரு நாள் காட்டெருமை உள்ளே வந்து கமலத்தின் பீன்ஸையும் சரசுவின் முட்டைக்கோஸையும் வஞ்சனையில்லாமல் தின்றுவிட்டுப் போனது. காலையில் பார்த்தால் படல் திறந்து கிடக்கிறது.

கடைசியாக வெளியே வந்தது யார்? நீதான். இல்லை, நீதான். அன்றோடு பேச்சு நின்றது. காட்டெருமை முட்டினால் மூங்கில் படல் என்ன, இரும்பு கேட்டே திறக்காதா என்று சமாதானம் சொல்லப் போனவர் ஒருவர் உண்டு. இருவரும் அவரிடமும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மெஷின் வந்தபோது உயரம் பார்த்துத்தான் ஜோடி போட்டார்கள். இவர்கள் இருவரும் ஒரே உயரம். சண்டையைப் பற்றி ஆபீஸுக்கு என்ன தெரியும்? அப்படியே நிலைத்துவிட்டது. அவசியமானதை ரோஸி வழியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

"ரோஸி, அந்தப் பக்கம் நிக்கிறவங்ககிட்ட சொல்லு, முன்னால குளவிக்கூடு இருக்கு."

"ரோஸி, எனக்குக் கண்ணு இருக்குதுன்னு சொல்லு."

மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் இதுவும் கிடையாது. அந்தச் சத்தத்தில் உயிர்த்தோழிகளும் பேச முடியாது. அப்போது எல்லோரும் ஒன்றுதான்.

ஏன் இவர்கள் வெட்டிய சரிவு மட்டும் துணி விரித்த மாதிரி இருக்கிறது? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வம்பு பேசி நேரம் போவதில்லை, அதனால் என்றார் ஒருவர். விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற வீம்பு என்றார் இன்னொருவர். ரோஸி, எல்லாம் தன்னால்தான் என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்ச சுபாவத்தில் ஒரு லாபம் உண்டு. பேசாத நேரத்தில் பார்க்கலாம்.

பார்த்ததில் ஒன்று விளங்கவில்லை. வரிசை முடிந்ததும் மற்ற ஜோடிகள் மெஷினோடு அப்படியே திரும்பும். இவர்கள் மட்டும் மெஷினைக் கீழே இறக்கி வைப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிப் போய், இடம் மாறி நின்றுகொள்வார்கள். பிறகு தூக்குவார்கள். எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறோம். எதிரே எதிரே வந்து முகம் பார்க்கப் பிடிக்காமல்தான் இப்படிச் சுற்றுகிறார்கள் என்று சிரித்திருக்கிறோம்.

வகுப்பு முடிந்த அடுத்த வாரம் ஃபீல்டு ஆபீசர் பிரகாஷ் சார் ஒரு முடிவெடுத்தார். நல்ல மனிதர். யோசித்துத்தான் செய்தார். கைதேர்ந்த இரண்டு பேரை ஒரே மெஷினில் வைப்பானேன்? பிரித்தால் இரண்டு மெஷின் நன்றாக ஓடுமே. அதோடு, பேசிப் பழகுகிறவர்களைச் சேர்த்தால் வேலை இன்னும் நன்றாக வரும் என்று வகுப்பில் சொன்னார்களே. சரசுவுக்குப் புதிதாக மெஷின் பழகும் ஒரு பெண்ணைக் கொடுத்தார். கமலத்துக்குப் பூங்கொடி. பூங்கொடி கமலத்தின் சித்தி மகள். வெற்றிலையில் இருந்து வீட்டு விசேஷம் வரை இருவருக்கும் எல்லாம் ஒன்றாகத்தான். ரோஸியும் அவர்களோடு.

கமலம் சந்தோஷப்பட வேண்டாமா? பெரட்டில் — காலையில் ஆள் பிரித்து வேலை கொடுக்கும் இடத்தை அப்படித்தான் சொல்வோம் — அவர் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை அன்று நான் அப்படித்தான் இருப்பேன்.

மதியம் எடைக்குத் தராசோடு போனேன். ரோட்டில் பிரகாஷ் சார் பைக்கை நிறுத்திவிட்டு எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

மலையில் பட்டை பட்டையாகக் கோடு. ஒரு வரிசை பலகை மாதிரி மட்டம். அடுத்த வரிசை ஒரு பக்கமாகச் சரிந்து, தண்டு வெள்ளையாகத் தெரிய, நாய் கடித்த மாதிரி. அடுத்தது மட்டம். அடுத்தது கோணல். மேலிருந்து கீழ் வரை அப்படியே. ரோட்டில் போகிற டூரிஸ்ட்கூட என்னவென்று கேட்பார்.

"போகும்போது நல்லா வருது, திரும்பும்போது கெடுது... ஏனுங்க ரைட்டரம்மா?" என்றார் சார். எனக்குத் தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தபோது தெரிந்தது. பூங்கொடி முறைப்படி எல்லா ஜோடியையும் போலத் திரும்பினார். கமலம் மேலே நடக்கும் வரிசை மட்டம். கமலம் கீழே நடக்கும் வரிசை கோணல். கீழ்ப் பாதையில் அவர் வலது கை தோளுக்கு ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கையை விலாவில் முட்டுக்கொடுத்து, உடம்பையே சாய்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார். பூங்கொடிக்கு அது தெரியாது. நடுவில் ஒரு வரிசைத் தேயிலை; சத்தமோ காதைக் கிழிக்கிறது. கொஞ்சம் தூக்குங்க அக்கா, கொஞ்சம் தூக்குங்க என்று சைகை காட்டிக்கொண்டே போகிறார்.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. அந்த இடம் மாறல்!

முகம் பார்க்கப் பிடிக்காமல் சுற்றவில்லை. திரும்பினால் கமலம் கீழே வந்துவிடுவார். அதனால் ஒவ்வொரு தடவையும் சரசு சுற்றிப் போய்க் கீழ்ப் பாதையில் நின்றுகொண்டார். அவர் முறையிலும் அவர் கீழே. கமலத்தின் முறையிலும் அவரே கீழே. எங்கள் கண் முன்னாலேயே நடந்தது. நாங்கள் அதைச் சண்டை என்று பெயர் வைத்துப் பார்த்துச் சிரித்தோம்.

எடை முடிந்து எல்லோரும் போன பிறகு கமலம் என்னிடம் வந்தார்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க ரைட்டரம்மா. மழைக்காலத்துல இருந்தே கை மேல வரலீங்க. தலை சீவக்கூட முடியறதில்லை. டாக்டரு பார்த்து அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா வேலை போயிரும். வேலை போனா ஊடும் போயிரும்ல?"

அது வெறும் பயம் இல்லை. எஸ்டேட் வீடு வேலை செய்கிறவருக்குத்தான். கமலத்தின் கணவர் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். தேயிலைப் பக்கம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். கமலம் வேலையை விட்டால் அந்த வீட்டில் எஸ்டேட் ஆள் என்று சொல்ல யாரும் இல்லை. போன வருடம் முழங்கால் போன ஒரு பெண், ஆட்டோவில் சாமான் ஏற்றிக்கொண்டு போனதை எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம்.

பூங்கொடியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொந்தம்தானே?

"அவகிட்டச் சொன்னா பொழுது சாயறதுக்குள்ள வெலிங்டன் வரைக்கும் தெரிஞ்சிருமுங்க."

சரசுவிடம் சொன்னீர்களா?

"அவகிட்ட நான் எதுக்குங்க பேசறேன்? ஒருநா வரிசை முடிஞ்சு திரும்பறப்போ, அவளாவே வந்து கீழ நின்னா. நான் மேல போனேன். மறுநாளும் நின்னா. அவ்வளவுதானுங்க."

யோசித்துப் பார்த்தேன். ரகசியத்தைப் பத்திரமாக வைக்கச் சரசுவை விடப் பொருத்தமான ஆள் யார்? கமலத்தைப் பற்றி அவர் வாயைத் திறப்பதே கிடையாதே.

மறுநாள் பெரட்டில் பிரகாஷ் சார், கமலத்துக்கு உடம்பு முடியவில்லை போலிருக்கிறது, சனிக்கிழமை டாக்டர் வரும்போது வந்து காட்டட்டும், அதுவரை மெஷின் வேண்டாம், களை எடுக்கப் போகட்டும் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் கமலத்தின் கை தானாகப் போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

கூட்டத்தின் இந்தப் பக்கத்தில் இருந்து சரசு முன்னால் வந்தார்.

"சார், எனக்குப் பழைய ஜோடியையே குடுத்துருங்க."

"ஏன், புதுப் பொண்ணு நல்லாத்தானே பிடிக்குது?"

"நல்லா பிடிக்குது சார். ஆனா முறை கேக்குது. என்னைய மேல் பாதையில போச் சொல்லுது. எனக்கு மேல நின்னா தலை சுத்துது."

"தலை சுத்துதா? மலையிலயே பொறந்த உங்களுக்கா?"

"சுத்துது சார்."

யாரோ சிரித்தார்கள். சரசு சிரிக்கவில்லை. அவர் ஏறி இலை வெட்டாத சரிவு இந்த எஸ்டேட்டில் கிடையாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சாருக்கும் தெரியும். அவர் சரசுவைப் பார்த்தார். பிறகு கமலத்தின் கையைப் பார்த்தார். பிறகு அந்தப் பட்டை பட்டையான மலையைப் பார்த்தார். நேற்று ரோட்டில் நின்று என்னிடம் கேட்ட கேள்விக்கு அவருக்கு விடை கிடைத்திருக்க வேண்டும்.

என்ன நினைத்தாரோ, திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டரம்மா, இலையைப் பார்க்கிறவங்க நீங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அங்கே தூண் இல்லை. அத்தனை கண்ணும் என்மேல். வேலைக்கு வந்த நாளில் இருந்து பெரட்டில் நான் பெயர் கூப்பிட்டதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படியோ ஒரு வாக்கியம் வந்தது.

"அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து வெட்டுன இலையில தண்டு வந்ததில்லைங்க சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

"எனக்கு மலை ஒரே மாதிரி தெரிஞ்சாப் போதும். யாரு மேல, யாரு கீழன்னு நான் பார்க்கிறதில்லை. போங்க" என்றார் சார். டாக்டர் பேச்சை அதற்குப் பிறகு பெரட்டில் எடுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கமலத்தைக் குன்னூரில் நல்ல இடமாகப் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள், லீவு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

கமலம் போனார். தோள் இறுகிப்போயிருக்கிறது, பயிற்சி செய்தால் சரியாகும் என்றார்களாம். தினமும் காலையில் சுவரில் விரலால் எறும்பு ஊர்கிற மாதிரி மேலே மேலே ஏற்ற வேண்டும். பொதுச் சுவர். அந்தப் பக்கம் சரசுவின் அடுப்படி. விரல் எதுவரை ஏறியிருக்கிறது என்பது சரசுவுக்குக் கேட்டிருக்குமா? எனக்கு இதுவும் தெரிந்துகொள்ள ஆசை. கேட்கவில்லை.

ஆனால் சரசுவிடம் வேறொன்று கேட்டேன். பேச்சுவார்த்தை இல்லாத ஒருவருக்காக நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்களே, ஏன்?

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவ கை இறங்குனா வெட்டு கோணும். கோணுனா என் பேரும்தானே கெடும்?"

அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்றார். நம்புவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் எப்படியோ.

நிவேதா, நீங்கள் சொன்னதும் தப்பில்லை. கமலம் வாயைத் திறந்து பூங்கொடியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மலையில் ஒரு வரிசைகூட கோணியிருக்காது. பூங்கொடி மோசமானவர் இல்லை. விஷயம் தெரிந்ததும் என்னிடம் வந்து அழுதார். முறைக்கு முறை என்று அவர் செய்தது நியாயம்தான். ஆனால் நியாயத்துக்குக் கமலத்தின் தோள் தெரியவில்லையே! கைப்பிடியின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதைச் சரசு எப்படிக் கண்டுகொண்டார்? அந்த மெஷினைப் பிடித்துப் பார்த்தால் புரியும் என்கிறாள் ரோஸி. எதிர்ப்பக்கத்து ஆள் பெருமூச்சு விட்டால்கூட இந்தப் பக்கத்துக் கையில் தெரியுமாம். தெரிவது எல்லோருக்கும் தெரியும்போல. கவனிப்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

இந்த மாதம் கமலத்தின் கை முழுதாக மேலே வந்துவிட்டது. தலையில் அவரே பூ வைத்துக்கொண்டு வந்தார். முதல் வரிசை வழக்கம்போல முடிந்தது. மெஷினை இறக்கி வைத்தார்கள். சரசு சுற்றிக்கொண்டு கீழ்ப் பாதைக்குப் போனார். போனால், அங்கே ஏற்கெனவே கமலம் நிற்கிறார். இனிமேல் என் முறையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி. சரசு நகரவில்லை. கமலமும் நகரவில்லை. மேல் பாதை காலியாகக் கிடக்கிறது. இரண்டு பேரும் கீழே நின்றுகொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்க்கிறார்கள்.

ரோஸிதான் பையின் வாலைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "இப்ப என்ன, மேல மெஷினை மாரியாத்தா வந்து பிடிப்பாளா?"

கடைசியில் சரசுதான் மேலே ஏறினார். ஏறும்போது ரோஸியைப் பார்த்துச் சொன்னாராம்: "தலை சுத்துனா நான் பொறுப்பில்லைன்னு சொல்லு."

கமலம் சிரித்ததாக ரோஸி சொல்கிறாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. ஆனால் பேசவில்லை, நிவேதா. இன்றுவரை இல்லை. இத்தனைக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று சரசுவிடம் கேட்டுவிட்டேன்.

"பேசுனா படல் பேச்சு வரும். படல் பேச்சு வந்தா வேலை கெட்டுப்போகும். எதுக்கு?"

இதை எழுதுவதற்கு இருவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். தனித்தனியாகத்தான், வேறு வழியில்லை. பெயர்களையும் மாற்றிவிட்டேன். இருவரும் ஆளுக்கொரு நிபந்தனை போட்டார்கள். கமலம் சொன்னார்: "அன்னைக்குப் படலைச் சாத்தினது நாந்தான்னு எழுதிப்போடுங்க." சரசு சொன்னார்: "படலைச் சாத்துனது நான்தான்னு மறக்காம எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஆக, அன்று அந்தப் படல் இரண்டு முறை சாத்தப்பட்டிருக்கிறது.